பாலிதீன் பை இல்லாத பயணம்

மன்னார்குடியைத் தாண்டித் திருத்துறைப்பூண்டி போகிற சாலை. ஒரு வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் காரை ஓரங்கட்டியிருந்தேன். என் கணவர் மதகின் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சின்ன மகள் சஃபா காரை விட்டு இறங்கி வந்து பார்த்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"அம்மா, வாந்தி எடுக்க வேண்டியது நாம ரெண்டு பேருந்தானே? அத்தா ஏன் எடுக்குறாங்க?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. வாந்தி எடுப்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஆனாலும் அந்த நிமிஷம் என் மனதுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது என்பதை மறைக்க மாட்டேன். என் தொண்டை வறளவில்லை. வாயில் புளிப்புத் தண்ணீர் ஊறவில்லை. வயிறு தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது. என் வாழ்க்கையில் மன்னார்குடியைத் தாண்டி நான் வந்தது அதுதான் முதல் தடவை.

ஜன்னல் சீட்டுப் பெண்

பாபநாசத்தில் பிறந்து, பாபநாசத்திலேயே வாழ்க்கைப்பட்டு, பாபநாசத்திலேயே டீச்சர் வேலையும் பார்க்கிறேன். இதைக் கேட்பவர்கள், "கொடுத்து வச்சவங்க" என்பார்கள். அதில் பாதிக்குக் காரணம் என் வயிறு.

தஞ்சாவூருக்கு பஸ் ஏறினால் அய்யம்பேட்டை வருவதற்குள் எனக்குத் தலை கனக்கும். டீசல் வாடை, முன்சீட்டு அக்காவின் மல்லிகைப்பூ, யாரோ உரித்த வேகவைத்த முட்டை எல்லாம் ஒன்றாகக் கலந்து நெஞ்சில் வந்து உட்காரும். பசுபதிகோவிலைத் தாண்டுவதற்குள் அம்மாவின் கைப்பையிலிருந்து பாலிதீன் பை வெளியே வந்துவிடும். அந்த வழியில் ஓடிய பஸ் கண்டக்டர்களுக்கு என்னைத் தெரியும். நான் ஏறினால், "பாப்பாவுக்கு ஜன்னல் சீட்டு கொடுங்கப்பா" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மாத்திரை போட்டும் பார்த்தேன். மாத்திரை வேலை செய்யாது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. எனக்கு வாந்தி நின்றது. கூடவே நானும் நின்றுவிட்டேன். கும்பகோணத்தில் பெரியத்தா மகள் கல்யாணத்துக்குப் போய், மண்டபத்து மாடி அறையில் மாத்திரை மயக்கத்தில் படுத்தவள் நிக்காஹ், விருந்து, பெண்ணை வழியனுப்பியது எல்லாம் முடிந்த பிறகுதான் எழுந்தேன்.

ரயிலில் மட்டும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. சென்னைக்குப் போயிருக்கிறேன், மதுரைக்குப் போயிருக்கிறேன். ரயில் போகாத ஊர்கள் எனக்கு இல்லாத ஊர்கள்.

என் தங்கை ஜன்னத்தை வேதாரண்யத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது அந்தப் பக்கம் ரயில் ஓடவில்லை.

நான் பார்க்காத வீடு

ஜன்னத்துக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு, நான் அவளுக்கு லாத்தா. அவள் கணவருக்கு உப்பு வியாபாரம். கல்யாணம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. மறுவீட்டுக்கு எல்லோரும் வேனில் கிளம்பியபோது நான் வாசலில் நின்று கையசைத்தேன்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவள்தான் வந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்கு வந்தாள், பெருநாளுக்கு வந்தாள், எங்கள் அத்தா கண்ணை மூடி மவுத்தானபோது ஓடி வந்தாள். "நீ ஒரு தடவையாவது வாயேன் லாத்தா" என்று அவள் கேட்டதே இல்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பிறகு அந்தப் பெரிய புயல் வந்தது. இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

"கூரை போச்சு லாத்தா. தென்னமரம் ஒண்ணு விடாம சாஞ்சு கெடக்கு. நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீ அழுவாத."

பாதை திறந்ததும் நான் பஸ் ஏறினேன். கணவர் குவைத்தில் இருந்தார். பெரிய மகள் ரிஸ்வானாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். துணி, அரிசி, மெழுகுவர்த்தி என்று இரண்டு மூட்டைகள். நீடாமங்கலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு கடை வாசலில் உட்கார்ந்தேன். எழுந்து நிற்க முடியவில்லை. கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார், அதுவும் தங்கவில்லை. ரிஸ்வானா பயந்துபோய் என் கொழுந்தனுக்குப் போன் செய்தாள். அவர் பைக்கில் வந்து மூட்டைகளை வாங்கிக்கொண்டு வேதாரண்யம் போனார். நான் நீடாமங்கலம் வரை ஆட்டோவில் திரும்பி, அங்கிருந்து ரயிலைப் பிடித்து வீடு வந்தேன்.

தங்கையின் வீடு இடிந்து கிடந்ததைக்கூட நான் செல்போன் படத்தில்தான் பார்த்தேன்.

சஃபாவின் முடிவு

எனக்கு மட்டும் என்றால் இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் சஃபாவுக்கும் அதே வயிறு.

பள்ளிக்கூடத்தில் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு டூர் போனார்கள். திரும்பி வந்தவள் யூனிபார்மைத் தானே அலசிக் கொடியில் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அழவில்லை.

"இனிமே நான் எந்த டூருக்கும் போவலம்மா. பேர் குடுக்காதீங்க."

முடிவெடுத்துவிட்ட பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அதே வார்த்தையை அதே வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். அதோடு எனக்கு எத்தனை ஊர்கள் இல்லாமல் போயின என்பது எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இதைப் புலம்பினேன். எங்கள் சயின்ஸ் டீச்சர் கலைச்செல்வி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஸ்கூட்டர் ஓட்டுறப்ப உனக்கு வாந்தி வருதா மெஹரு?"

நான் யோசித்தேன். தினமும் குண்டும் குழியுமான ஆற்றங்கரைச் சாலையில்தான் ஸ்கூட்டரில் வருகிறேன். ஒரு நாள்கூட வந்ததில்லை.

"பஸ்ல உக்காந்திருக்கிறப்ப, காது 'ஆடுறோம்'னு சொல்லும். கண்ணு சீட்டையே பாத்துக்கிட்டு 'ஆடலையே'ன்னு சொல்லும். நடுவுல மாட்டிக்கிறது வயிறு. ஓட்டுறப்ப எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு உனக்கே தெரியும். ரெண்டும் ஒத்துப்போயிடுது."

"அப்ப நான் கார் ஓட்டணும்ங்கிறியா?"

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள், "ஓட்டேன்" என்றாள்.

ஓட்டினால் ஒன்றும் இல்லை

வீட்டில் கார் இருந்தது. கணவர் லீவில் வரும்போது ஆள் வைத்து ஓட்டுவதற்காக வாங்கிப் போட்டது. மற்ற நாட்களில் உறை போர்த்தித் தூங்கும்.

பாபநாசத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஒரே காரில் கற்றுக்கொள்கிற எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய், ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டத் தருவார்கள். முதல் நாள் என் முறை வருவதற்குள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தேன். மாஸ்டருக்குச் சங்கடம்.

"டீச்சர், இன்னைக்கு வேணாம்ங்க. வீட்டுக்குப் போயிருங்க."

"இல்ல மாஸ்டர். என் முறை வந்திருச்சு. ஓட்டிப் பாக்குறேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மாஸ்டரின் கால் பாதி, என் கால் பாதியாக வண்டி அரசலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பியது. இறங்கியபோதுதான் கவனித்தேன். தலைக் கனம் இல்லை. பசித்தது. வண்டியில் போய் இறங்கி எனக்குப் பசித்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் முதல் மாஸ்டர் என்னை முதலில் ஓட்டவிட்டார். மற்றவர்கள் ஓட்டும்போது நான் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். லைசென்ஸ் வாங்கிய அன்று, "நீங்க எப்பவும் ஓட்டிக்கிட்டே இருங்க டீச்சர்" என்றார்.

வயிற்றோடு ஒரு சமாதானம்

ஆனால் சஃபாவால் ஓட்ட முடியாதே. அவளை எப்படிக் கொண்டுபோவது? அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினோம். முதலில் சுவாமிமலை. பிறகு கும்பகோணம். பிறகு எங்களை அவமானப்படுத்திய அதே தஞ்சாவூர் ரோடு.

பழகப் பழகச் சில விஷயங்கள் பிடிபட்டன. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, எண்ணெய் இல்லாமல், கொஞ்சம் சர்க்கரை தொட்டு. முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் தெரியும் தென்னந்தோப்பையோ கோபுரத்தையோ பார்க்க வேண்டும். பக்கத்தில் ஓடும் வேலியைப் பார்த்தால் தலை சுற்றும். போனை எடுத்தால் பயணம் முடிந்தது என்று அர்த்தம். ஜன்னல் கண்ணாடி ஒரு விரற்கடையாவது இறங்கியிருக்க வேண்டும்.

கண்ணாடியில் தொங்கிய வாசனைப் பொம்மையைக் கழற்றி வீசினேன். மல்லிகைப்பூவை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சுக்கையும் பனங்கற்கண்டையும் தட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டோம். வாயில் அடக்கிக்கொள்ள உப்பு நார்த்தங்காய்த் துண்டு. சஃபாவுக்கு நார்த்தங்காய், எனக்குச் சுக்கு. அவளுக்குச் சுக்கு காரம். ஒரே வயிறு என்று நினைத்திருந்தேன், இல்லை. ஆளுக்கு ஆள் வேறுதான்.

முக்கியமான ஒன்றை சஃபாவே கண்டுபிடித்தாள். வந்த பிறகு சொல்லக் கூடாது, வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். கொட்டாவி வந்தால், கை சில்லிட்டால் உடனே, "அம்மா, நிறுத்துங்க" என்பாள். இறங்கி வரப்பில் பத்தடி நடப்போம். நாற்றங்கால் பக்கமிருந்து காற்று வரும். சரியாகிவிடும். நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை வருடம் வாந்தி எடுத்திருக்கிறோம்.

அத்தர் வேண்டாம்

காலாண்டு விடுமுறைக்குக் கணவர் அன்வர் குவைத்திலிருந்து வந்தார். அதே வாரம் ஜன்னத் போன் செய்தாள். இடிந்த வீடிருந்த இடத்தில் மெத்தை வீடு கட்டி முடித்துவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம் லாத்தா. மச்சானையும் புள்ளைங்களையும் அனுப்பி வை."

என்னை அவள் கூப்பிடவில்லை. எனக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று.

"அனுப்பி வைக்கல. நானே கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

அவள், "லாத்தா, மாத்திரை போட்டுக்க" என்றாள்.

அன்வர் டிரைவருக்குச் சொல்லிவைக்கக் கிளம்பினார். நான் ஓட்டுகிறேன் என்றேன். நான் கார் ஓட்டுவது போனில் சொல்லி அவருக்குத் தெரியும். வேதாரண்யம் வரை என்பதுதான் புதிது. ஒப்புக்கொண்டார். ஆனால் என் ஏற்பாடுகளைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. கொதித்து ஆறிய சீரகத் தண்ணீர் கேனில். வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா ஒரு பையில். மோர் தனியாக.

"என்ன மெஹரு, ஹஜ்ஜுக்குப் போற மாதிரி மூட்டை கட்டுற?"

"சிரிங்க. ஆனா அத்தர் மட்டும் போடாதீங்க."

அதுதான் அவருக்குப் பெரிய தியாகம். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ஆனால் காலைச் சாப்பாட்டில் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் மூவரும் இட்லி சாப்பிட, அவர் முந்தின நாள் கறி ஆணத்தைச் சூடு பண்ணச் சொல்லி நாலு பரோட்டா சாப்பிட்டார். லீவில் வந்த மனிதரை எதைச் சொல்லி நிறுத்துவது?

வெயில் ஏறுவதற்குள் பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியைக் கிளப்பினேன். பக்கத்தில் சஃபா. பின்னால் ரிஸ்வானாவும் அவரும்.

மதகடியில்

சாலியமங்கலம், நீடாமங்கலம் எல்லாம் சுலபமாகக் கடந்தோம். குறுவை அறுவடை நேரம். ரோட்டில் பாதியை நெல் அடைத்துக்கொண்டு காய்ந்தது. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது நான் அந்தக் கடை வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. சஃபாதான், "கை சில்லுனு இல்லம்மா" என்று தானாகவே சொன்னாள்.

ஊருக்கு வெளியே ஓர் அறுப்பு மிஷின் சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் போனது. முந்த இடமில்லை. வைக்கோல் தூசிக்காகக் கண்ணாடிகளை ஏற்ற வேண்டியதாகிவிட்டது. போவதும் நிற்பதுமாக ஊர்ந்தோம். அன்வர் நீடாமங்கலத்திலிருந்தே போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சு நின்றுபோயிருந்தது.

ரிஸ்வானா சொன்னாள், "அம்மா, அத்தாவுக்கு ரொம்ப வேர்க்குது."

கண்ணாடியில் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். என்னுடைய முகம் அது. உடனே நிறுத்தினேன். அவர் இறங்கவும் மதகைப் பிடிக்கவும் சரியாக இருந்தது.

எல்லாம் வெளியே வந்த பிறகு, வாய் கொப்பளிக்க வைத்து, மதகு நிழலில் உட்கார வைத்தேன். சீரகத் தண்ணீரை ஒரே மூச்சாகக் குடிக்கப் போனார். தடுத்து, வாய் வாயாகக் கொடுத்தேன். நாக்கில் ஒரு துண்டு நார்த்தங்காய். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதன் காற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ கஷ்டமா மெஹரு இது?" என்றார்.

"ஆமாங்க."

"நான் ஏதோ நீ பயந்துக்கிறேன்னு நெனச்சேன். உசுரே போயி வருது."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனையோ வருடம் காத்திருந்திருக்கிறேன்.

கிளம்ப வேண்டும். அவர் மறுபடி பின்சீட்டில் ஏறினால் திருத்துறைப்பூண்டிகூடப் போய்ச் சேர முடியாது. சஃபாவே சொன்னாள்.

"அத்தா, நீங்க முன்னாடி உக்காருங்க. நான் பின்னாடி போறேன்."

"உனக்கு ஆவாதேம்மா."

"நடுவுல உக்காந்துக்குறேன். நேரா ரோட்டப் பாத்துக்கிட்டே வருவேன். ஏதாவதுன்னா முன்னாடியே சொல்லிடுவேன்."

அவர் முன்னால் ஏறினார். சஃபா பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு சீட்டுகளுக்கும் இடையில் நேர் பார்வை பார்த்தாள். ரிஸ்வானா இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டாள். நான் வேகத்தைக் கூட்டாமல், பிரேக்கை அழுத்திக் குலுக்காமல், தண்ணீர்க் குடம் சுமப்பது போல் வண்டியைக் கொண்டுபோனேன். ஒரே ஒரு தடவை, "அம்மா, கொட்டாவி வருது" என்றாள். நிறுத்தினேன். நடந்தாள். திரும்பி வந்து, "போலாம்" என்றாள்.

உப்புக் காற்று

கரியாப்பட்டினம் தாண்டியதும் காற்று மாறியது. உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது. கடற்கரை ஊருக்கு வந்துவிட்டேன் என்பது எனக்கு நாக்கில்தான் தெரிந்தது. தூரத்தில் உப்புக் குவியல்கள் கீற்று போர்த்தி வரிசையாக நின்றன. அன்வர் தெம்பாகி, வழி சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஜன்னத்தின் தெருவில் பந்தல் போட்டிருந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்த வீடு. வாசலில் நின்ற ஜன்னத் காரைப் பார்த்ததும் பின் கதவுக்கு ஓடினாள், ஒரு கையில் சொம்பில் தண்ணீர், மறு கையில் துண்டு. நான் படுத்துக்கொண்டு வருவேன் என்று நினைத்திருக்கிறாள். கதவைத் திறந்தால் சஃபாவும் ரிஸ்வானாவும்.

"லாத்தா எங்க?"

நான் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

அவள் சொம்பை யாரிடமோ கொடுத்துவிட்டு, என் முகத்தை, முந்தானையை, கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கறை இல்லை. பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். பந்தலில் இருந்த பெண்கள் எங்களுக்கு என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தார்கள்.

"ஒண்ணுமில்ல. எங்க லாத்தா வந்திருக்கு. வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கு" என்று அவர்களிடம் சொன்னாள். அன்று மாலை வரை வந்தவர்கள் எல்லோருக்கும் இதையேதான் சொன்னாள். வீட்டைச் சுற்றிக் காட்டும்போதும் ஜன்னலையும் தரையையும் விட்டுவிட்டு என்னைத்தான் காட்டினாள்.

மதியம் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். நெய்ச்சோறு, தாளிச்சா, இறால் வறுவல். பயணம் செய்து போன ஊரில் இலை நிறையச் சாப்பிட்டேன். மூன்றாம் முறை நெய்ச்சோறு கேட்டேன். அன்வர் மோர்ச்சோறோடு நிறுத்திக்கொண்டார். சஃபா பந்தலில் தன்னைவிடப் பெரிய பெண் ஒருத்திக்கு நார்த்தங்காய் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். அரையாண்டு டூருக்குப் பேர் கொடுக்கப் போவதாகவும் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் காலை கோடியக்கரைக்குப் போகலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். நான் சாவியைப் போட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். ஜன்னத் முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை எப்படிப் போடுவதென்று தெரியாமல் தேடினாள். எடுத்து மாட்டிவிட்டேன்.

"எனக்கு வழி சரியா சொல்லத் தெரியாது லாத்தா" என்றாள்.

"தப்பாவே சொல்லு. சுத்திக்கிட்டுப் போவோம்" என்றேன்.